கூட வந்த அக்கா
"வலி ஒருத்தருக்குத்தானே, ஆஸ்பத்திரிக்கு ஏம்மா ரெண்டு பேர் போகணும்?" என்று சிறுவயதில் கேட்ட மகள் இப்போது தூரதேசத்தில் இருக்கிறாள். டாக்டரின் அறை வாசலில் தனியாகக் காத்திருக்கும் அம்மா, வருகிறவர்களிடையே ஒரு முகத்தைத் தேடுகிறாள். போன மாதம், துணையில்லாமல் ஸ்கேன் எடுக்க முடியாது என்று இவளைத் திருப்பி அனுப்பியபோது, "நான்தான் இவ அக்கா" என்று ஆண்டவன் அனுப்பியதுபோல வந்து கைபிடித்த, முன்பின் தெரியாத ஒருத்தியின் முகம். "ரவுண்ட்ஸ் போன டாக்டர் உலகத்தையே சுத்திட்டு வருவார்போல," என்கிறார் பக்கத்து நாற்காலிக்காரர். டாக்டர் வந்ததும் இவள் முறைதான். விட்டால் அடுத்த மாதம். எதிரே ஸ்கேன் அறைக் கதவில் நர்ஸ், "கூட யாரும் வரலையா? இன்னொரு நாள் வாம்மா" என்கிறாள். இளம்பெண் ஒருத்தி சீட்டை மடித்து மடித்துப் பிரிக்கிறாள். அம்மா எழுகிறாள். "நான் இருக்கேன் சிஸ்டர். இவ அக்கா." சில்லிட்ட விரல்கள் இவள் கைக்குள் அடங்குகின்றன. கதவு சாத்திக்கொள்கிறது. வெளியே, ஆளில்லாத நாற்காலியைப் பார்த்து இவள் பெயரைக் கூப்பிடுகிறார்கள்.