அறுநூற்றைம்பது வாட்

“எந்த சப்ளை போடட்டும்னு என்னைக் கேட்டா எப்படித் தம்பி? டாக்டர்கிட்ட வந்துட்டு எந்த மாத்திரை வேணும்னு நானா சொல்ல முடியும்?”

கணக்கு டீச்சரம்மா இப்படிக் கேட்டால் மெக்கானிக் சிரித்துவிடுவான். இன்று சிரிக்கவில்லை. கடை மேஜை மேல் பக்க மூடி கழற்றிக் கிடந்த கம்ப்யூட்டருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான். உள்ளே ஒரு பல்லி கருகிக் கிடந்தது.

“ரெண்டு வருஷமா யாரும் தொடல” என்றார் டீச்சர். “காலைல துடைச்சுட்டு ஸ்விட்சைப் போட்டேன். டப்புனு ஒரு சத்தம். அவ்வளவுதான்.”

“பல்லி பண்ணின வேலை டீச்சர். பவர் சப்ளை மட்டும்தான் போயிருக்கு. கரன்ட்டை வாங்கி எல்லாத்துக்கும் பிரிச்சுக் குடுக்கிற டப்பா. அதை மாத்திட்டா ஓடும்.”

“சாயங்காலம் ஆறு மணிக்குப் பையன் ஹாஸ்டல்லேருந்து வரான். அவன் ரூமுக்குள்ள நுழையறப்ப இது ஓடிக்கிட்டு இருக்கணும். மூணு நாள்தான் இருப்பான்.”

“ஓடும் டீச்சர்.”

மெக்கானிக் ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தான். “கேம் கார்டு இருநூத்தி இருபது வாட். பிராசசர் நூத்தி இருபத்தஞ்சு. மத்ததெல்லாம் சேர்த்து ஒரு எண்பது...”

“நானூத்தி இருபத்தஞ்சு.” அவன் கால்குலேட்டரைத் தேடுவதற்குள் டீச்சர் சொல்லிவிட்டார்.

“அறுநூத்தி ஐம்பதா போட்டுடலாம்.”

“எதுக்கு அவ்வளவு? என் தலையில கட்டப் பாக்கறீங்களா?”

“ஐயோ, இல்ல டீச்சர். ஆட்டம் சூடு பிடிக்கிறப்ப கார்டு திடீர்னு ஒரு நொடி ரொம்ப இழுக்கும். கொஞ்சம் தாராளமா இருந்தா நல்லது.”

“அப்ப சரி. ராத்திரி பகலா ஆடினாலும் தாங்கணும். ஆடட்டும். இனிமே நான் வாயே திறக்க மாட்டேன்.”

மெக்கானிக் அலமாரியிலிருந்து மூன்று பெட்டிகளை இறக்கினான். ஒன்று ஃபேன் சத்தம் போடும் என்று ஒதுக்கினான். இன்னொன்றுக்கு இரண்டு வருட வாரன்ட்டிதான் என்று அதையும் தள்ளி வைத்தான். மூன்றாவதைப் பிரித்தான். “இதுக்குப் பத்து வருஷம். கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்கலாம்.”

“பத்து வருஷமா” என்று டீச்சர் அந்தப் பெட்டியைத் தடவினார். “அவன் என்கூட முகம் குடுத்துப் பேசியே ரெண்டு வருஷம் ஆச்சு தம்பி. போன் பண்ணினா எண்ணி மூணு வார்த்தை. சாப்பிட்டேன், நல்லாருக்கேன், வெச்சிடறேன்.”

மெக்கானிக் பழைய சப்ளையின் திருகுகளைக் கழற்ற ஆரம்பித்தான்.

“அன்னிக்கும் சப்ளை மாத்தத்தான் உங்ககிட்ட குடுத்தேன், டிஸ்க் எரிஞ்சு போச்சே, அதுலதான் அவங்க அப்பா பேசின வீடியோ பூரா இருந்துச்சு. வேற எங்கயும் இல்ல. அவர் போய் அப்போ நாலே மாசம். ஓயாம கேம் ஆடியிருக்கான், லோடு தாங்காம எரிஞ்சிருக்குன்னு நீங்க சொன்னீங்க. நேரா வீட்டுக்குப் போனேன். ‘உங்கப்பாவை ரெண்டாவது தடவை நீ கொன்னுட்டே’ன்னு சொல்லிட்டேன். பதினாறு வயசுப் பிள்ளைகிட்ட.”

ஒரு திருகு கை நழுவி உருண்டு ஓடியது. மெக்கானிக் குனிந்து தேடினான். எடுக்க வெகுநேரம் ஆனது.

“அவன் அழக்கூட இல்ல. ஒயரையெல்லாம் பிடுங்கி வெச்சான். ஹாஸ்டல்ல சேர்த்து விடும்மான்னான். அதோட சரி. அதுக்கப்புறம் ஒரு ஆட்டம் ஆடல, அப்பான்னு ஒரு வார்த்தை சொல்லல. அவன்தான் எரிச்சான்னு அவனும் நம்பிட்டான் தம்பி. தெரியாம செஞ்ச தப்பு. அதுக்கு அப்படி ஒரு வார்த்தை சொல்லலாமா? என் நாக்கை அறுத்துப் போட்டாலும் தகும்.”

மெக்கானிக் புதுப் பெட்டியிலிருந்த ஒயர்க் கட்டைப் பிரித்துப் பரப்பிவிட்டு, உள்ளே இருந்த பழைய ஒயர்களை ஒவ்வொன்றாக உருவ ஆரம்பித்தான். டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலரை.

“அதை ஏன் உருவறீங்க? எல்லாம் ஒழுங்காத்தானே கட்டியிருக்கு. முனையை மட்டும் புது டப்பால செருகிட்டா சட்டுனு முடியுமே. பொருந்தாதா?”

“பொருந்தும் டீச்சர். அதுதான் வினையே. வெளிய பாத்தா எல்லாக் கம்பெனிக்கும் ஒரே மாதிரி இருக்கும். உள்ள கம்பி வரிசை மாறியிருக்கும். டப்பாவை மாத்தினா ஒயரையும் சேர்த்து மாத்தணும். பழைய ஒயரையே விட்டு ஸ்விட்சைப் போட்டா, ஒரே நொடியில டிஸ்க் எரிஞ்சிடும்.”

“அடக் கடவுளே. இது தெரியாம எவனாவது மாட்டுவானா?”

மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான்.

“நான் மாட்டினேன் டீச்சர். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, உங்க கம்ப்யூட்டர்ல. உங்க பையன் ஆடினதால எதுவும் எரியல.”