சத்தம் சுத்தணும்

பத்து மணிக்குத்தான் வருவதாகப் பேச்சு. ஒன்பதே முக்காலுக்கே வாசலில் ஆள் வந்து நின்றால் ஆர்கன்காரர் என்னதான் செய்வார்? கருகிப்போன மோட்டாரைக் கையில் பிடித்தபடி அப்படியே எழுந்து நின்றார்.

வந்தவருக்கு உச்சந்தலை வழவழவென்று இருந்தது. காதோரம் மட்டும் கொஞ்சம் நரைமுடி. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உள்ளே எட்டிப் பார்த்து, "எனக்கு முன்னாடி யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்.

"இன்னொருத்தர் சாயங்காலம் வர்றாரு. நீங்கதான் முதல்ல," என்று வாய் கூசாமல் புளுகினாள் ஆர்கன்காரரின் மனைவி. போட்டிக்கு ஆள் இருந்தால்தானே பொருளுக்கு மதிப்பு?

"நல்லதாப் போச்சு. அப்ப முடிச்சுட்டே போயிடுறேன்," என்றார் அவர்.

ஆர்கன்காரருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இரண்டு வருஷமாக முன்னறையை அடைத்துக்கொண்டு கிடந்த பழைய எலெக்ட்ரிக் ஆர்கன். ஒவ்வொரு கட்டையாகக் கழற்றித் துடைத்து, ஒயர் மாற்றி, எண்ணெய் போட்டு அதைப் பேச வைத்திருந்தார். இசைக்குழு நடத்துகிற ஒருவர் நேரில் வந்து கேட்பதாக ஆள் விட்டுச் சொல்லியிருந்தார். பிடித்துப்போனால் இதை வாங்கிக்கொண்டு, தன்னிடம் மூலையில் கிடக்கும் இன்னும் மூன்று ஆர்கன்களையும் பழுதுபார்க்க இவரிடமே தருவாராம்.

பிடிக்காவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து மச்சானின் பம்புசெட் கடைதான். மச்சான் அதற்கென்று ஒரு ஸ்டூலைக்கூடத் துடைத்து வைத்துவிட்டார்.

இசைக்குழுக்காரர் போட்டது ஒரே நிபந்தனை. சத்தம் சுத்தணும். அந்தக் காலத்து ஆர்கனுக்கு உயிரே அதுதானாம். அதற்காக ஆர்கன்காரர் இடுப்பளவு உயரத்துக்கு மரப்பெட்டி செய்து, உள்ளே மோட்டார் வைத்து ஸ்பீக்கரைச் சுழல விட்டிருந்தார். நேற்று வரை நன்றாகத்தான் சுற்றியது. இன்று காலை எட்டரைக்குப் புகை விட்டு அடங்கிவிட்டது.

தலையில் கை வைத்து உட்கார்ந்தவருக்கு வழி சொன்னது மனைவிதான். "ஸ்பீக்கர் சுத்தினா என்ன, ஆளு சுத்தினா என்ன? காதுக்கு எல்லாம் ஒண்ணுதான். போய் சலூன் சேரைக் கேட்டு வாங்கிட்டு வாங்க."

இரண்டு வீடு தள்ளி இருந்த சலூன்காரர் தங்கமான மனுஷர். இருப்பதே ஒரு சேர்தான், அதையும் தூக்கிக் கொடுத்தார். "ஒரு மணி நேரத்துல வந்துடணும். அதுவரைக்கும் வர்றவங்கள நான் எப்படியாவது சமாளிச்சுக்கிறேன்," என்று சுமக்கவும் கை கொடுத்தார்.

இப்போது அந்தச் சேர் நடு அறையில் நின்றது. வந்தவரை உட்காருங்கள் என்றுகூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தானாகவே போய் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினார். ரசிகர் என்றால் இவரல்லவா ரசிகர் என்று ஆர்கன்காரர் உருகிப் போனார்.

"நாங்க சொல்ற வரைக்கும் கண்ணத் திறக்காதீங்க. பழகாதவங்களுக்குக் கொஞ்சம் கிறுகிறுன்னு இருக்கும்," என்றாள் மனைவி.

"நீங்க பாத்துப் பண்ணுங்க. எனக்கு அவசரமில்ல," என்றார் அவர்.

ஆர்கனில் கை வைக்கும் நேரம் பார்த்து வாசலில் இன்னொருவர் வந்து நின்றார். தோள்வரை முடி, நெஞ்சுவரை தாடி. "வணக்கங்க, நான் வந்து..." என்று ஆரம்பித்தார்.

மனைவி ஒரே எட்டில் வாசலுக்குப் போனாள். "பாத்தாலே தெரியுது, சொல்லவே வேணாம். சேர் அரை மணியில வந்துடும். சலூன்லயே போய் உக்காருங்க," என்று கிசுகிசுத்தாள். ஆள் தயங்குவதைப் பார்த்து, சலூன்காரரைக் கை காட்டி வரவழைத்து அவரிடமே ஒப்படைத்துவிட்டு வந்தாள்.

ஆர்கன்காரர் வாசித்தார். தான் புருவத்தை உயர்த்தினால் மெதுவாக, தலையை ஆட்டினால் வேகமாக என்று ஏற்பாடு. மனைவி மூச்சு வாங்க வாங்கச் சேரைச் சுற்றினாள். சத்தம் அலை அலையாகப் போய்ப் போய் வந்தது. அதாவது, வந்தவருக்கு. மற்ற இருவருக்கும் சேரின் கீச்சுக் கீச்சுதான் கேட்டது.

நடுவில், "எனக்கு வேணாங்க, விடுங்க" என்று சலூன் பக்கம் யாரோ கத்தினார்கள். நல்ல நேரத்தில் இது என்ன சனியன் என்று ஆர்கன்காரர் இன்னும் பலமாக வாசித்தார்.

வாசித்து முடித்தார். சேர் நின்றது. வந்தவர் கண்ணைத் திறக்காமலே ஒரு பெருமூச்சு விட்டார்.

"அருமைங்க. எத்தனையோ இடம் போயிருக்கேன், இந்த மாதிரி எங்கயும் பாத்ததில்ல. இனிமே மாசாமாசம் இங்கதான்."

ஆர்கன்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. மாசத்துக்கு ஒரு ஆர்கன் என்றால் ஆயுசுக்கும் கவலையில்லை. மச்சான் அந்த ஸ்டூலில் தானே உட்கார்ந்துகொள்ளட்டும். "அப்ப உங்களுக்குப் பரம திருப்திதானே?" என்று தழுதழுத்தார்.

வந்தவர் கண்ணைத் திறந்து, காதோரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"சேர் இங்க இருக்குன்னு சலூன்காரர் அனுப்பினப்பகூட நான் நம்பலீங்க. பாட்டுல ஒரு குறையும் இல்ல," என்றார். "முடிய எப்ப வெட்டுவீங்க?"