எங்க வீட்டு சோப்பு

"உங்க வீட்டு சோப்பு, எங்க வீட்டுக்கும்" என்றாள் ஜெசிந்தா, மூன்றாவது முறையாகத் தப்பாக.

பெலிசியா எட்டி மொபைல் கேமராவை நிறுத்தினாள். "எங்க வீட்டு சோப்பு, உங்க வீட்டுக்கும். அஞ்சே வார்த்த. ஸ்கூல்ல அவ்ளோ பெரிய பாட்டெல்லாம் சொல்ற, இது வரலியா பாப்பா?"

"மறந்துடுதும்மா."

"வுடு பெலிசி, சின்னப் புள்ள. இன்னொருவாட்டி எடுக்கலாம்" என்றான் சகாய ஆனந்த். மகளைத் தூக்கி மேசை ஓரத்தில் உட்காரவைத்தான். ஏழு வயதுக்கு அவள் கனமாகத்தான் இருந்தாள். அவன் கழுத்தில் போட்ட கையை அவள் எடுக்கவில்லை.

கடலூர் முதுநகரில் அந்த வீட்டுச் சமையலறைதான் பெலிசியாவின் சோப்புக் கம்பெனி. தேங்காயெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்து, வெட்டிவேர் ஊறிய தண்ணீர் சேர்த்து அவளே செய்வாள். அச்சில் ஊற்றி, வெட்டி, ஒரு மாதம் காயவைத்த பிறகுதான் விற்பாள்.

சோப்பை மட்டும் காட்டி வீடியோ போட்டால் நூறு பேர் பார்ப்பார்கள். மூன்று பேரும் சேர்ந்து நின்றால் பத்தாயிரம் பேர். ஆர்டரும் அப்போதுதான் வரும். போன மாதம் அவள் தனியாக நின்று பேசியதற்கு வந்ததெல்லாம் ஒரே கேள்விதான்: 'அண்ணன் எங்க அக்கா?'

அதனால்தான் இன்று காலைப் பூசை முடிந்ததும் அடுப்படியைத் துடைத்து, மாதா படத்துக்குப் புதுப் பூ வைத்து, அவனுடைய சந்தன நிறச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்திருந்தாள்.

"கத்திய எடுங்க. அச்சுலேருந்து எடுத்து நீங்க வெட்டுறாப்புல இருக்கட்டும்."

சகாய ஆனந்த் மேல் அலமாரியைத் திறந்தான். தட்டுகள்தான் இருந்தன.

"அதுல இல்லங்க. கீழ."

"எல்லாத்தையும் மாத்தி வச்சிருக்கியா?"

"ம். வெளிச்சம் போவுது, சீக்கிரம்."

அவன் பொறுமையாக வெட்டினான். கோணாமல் வந்தது. ஏற்கெனவே காய்ந்த சோப்பு ஒன்றை எடுத்து முகர்ந்துவிட்டு மகளின் மூக்கு நுனியில் தொட்டான். ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தாள். சொல்லிக்கொடுத்த சிரிப்பு இல்லை அது. அந்த இடத்தை மட்டும் பெலிசியா மொபைலில் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தாள்.

அடுத்தது ஜெபம். அவளுடைய எல்லா வீடியோவிலும் கடைசியில் அது வரும். மூவரும் மாதா படத்தின் முன் முழங்காலில் நின்றார்கள்.

"எங்க குடும்பத்த இதே மாதிரி ஒத்துமையா வச்சிரு தாயே" என்றாள் பெலிசியா. சகாய ஆனந்த், "ஆமென்" என்று சிலுவை போட்டுக்கொண்டு எழுந்தான்.

ஜெசிந்தா எழவில்லை. கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"என்னா பாப்பா, இவ்ளோ நேரம்?"

"இன்னும் முடிக்கலப்பா."

அவன் மணியைப் பார்த்தான். "அந்தக் கடைசி வரிய மட்டும் சொல்லிடு கண்ணு. சிதம்பரம் பஸ்ஸு போயிடும்."

ஜெசிந்தா எழுந்து வந்து இடத்தில் நின்றாள். கேமராவைப் பார்க்காமல் கடகடவென்று சொன்னாள்: "எங்க வீட்டு சோப்பு, உங்க வீட்டுக்கும்."

"பாத்தியா, தெரிஞ்சிதான் இருக்கு ஒனக்கு" என்று அவள் தலையில் செல்லமாகத் தட்டினாள் பெலிசியா. ஜெசிந்தா சிரிக்கவில்லை.

சகாய ஆனந்த் உள்ளே போய்ப் பழைய நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். சந்தன நிறச் சட்டையை மடித்துப் பெலிசியாவிடம் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டு, கட்டி வைத்திருந்த அட்டைப்பெட்டியைக் கொடுத்தாள்.

"இருபது சோப்பு இருக்கு. கீழ வீதிக் கடையில குடுத்துடுங்க. ஈரம் படாமப் பாத்துக்குங்க."

"சரி."

இதற்குள் மூவரும் சேர்ந்து எடுத்த போட்டோவை அவள் ஸ்டேட்டஸில் போட்டிருந்தாள். மொபைல் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தவள் முகம் லேசாக மலர்ந்தது.

"திட்டக்குடியிலேருந்து பவானின்னு ஒருத்தவுங்க. 'இந்தக் காலத்துல இப்படி ஒரு குடும்பமா, பாக்கவே ஆசையா இருக்கு அக்கா. கண்ணு பட்டுடும், சுத்திப் போடுங்க. எனக்கு ஆறு சோப்பு' அப்டின்னு போட்டிருக்காங்க."

"நல்லதுதான்" என்றான் அவன், செருப்பை மாட்டியபடி.

பெலிசியா பதில் அனுப்பினாள்: 'எல்லாம் மாதா குடுத்தது சிஸ்டர்.' அனுப்பிவிட்டு நிமிராமல் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சகாய ஆனந்த் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு படியிறங்கினான். ஜெசிந்தா ஓடிப்போய் அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல மெல்லக் கேட்டாள்.

"இன்னொரு வீடியோ எடுத்தா, இன்னிக்கி மட்டும் நம்ம வீட்டுலயே இருப்பியாப்பா?"