ஒரே கடை, இரண்டு கிடார்

ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய, ஒரே மாடல் எலெக்ட்ரிக் கிடார்கள். கணவருடையது கணீரென்று பாடும். அவளுடையது போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் முனகும். கம்பி மாற்றியும் பயனில்லை.

"கிடார்ல ஒண்ணுமில்லம்மா. எல்லாம் விரல்ல இருக்கு," என்பார், தன் விரல்களையே ரசித்தபடி.

இசைக்குழுவில் காலியாக இருந்த ஒரே இடத்துக்கு இருவரும் வாசித்துக் காட்டினார்கள். அவர் தேர்வானார். அவள் கிடாரை விற்றுவிட முடிவு செய்தாள்.

வாங்க வந்தவன் பின்மூடியைக் கழற்றினான்.

"அக்கா, உள்ள யாரோ வேணும்னே ஒரு கெப்பாசிட்டரைச் சேர்த்து ஈயம் வச்சு சால்டர் பண்ணியிருக்காங்க. கணீர் சத்தத்தையெல்லாம் அது முழுங்கிடுமே! யார் வேலை இது?"

அந்த வீட்டில் சால்டரிங் தெரிந்தவர் ஒருவர்தான். பக்கத்து அறையில் அவர் தன்னிடம் கிடார் கற்கும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்:

"எல்லாம் விரல்ல இருக்கு!"