சாம்பல் கலர் கட்டு

“ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். உன் பெட்டியில அத்தனை இருக்கு. ஒண்ணு கொடுத்தா குறைஞ்சா போயிடும்?”

எஸ்டேட் கிளினிக் வாசல்ல நின்னுக்கிட்டு ரஞ்சிதம் அக்கா கேட்டாங்க. பிள்ளைக்கு ஊசி போட வந்த நான், பெஞ்சு ஓரமா உக்காந்திருந்தேன்.

ரூபினி தலை நிமிரல. “கொடுக்க முடியாது அத்தை. மாமாவுக்கு விழுந்தது வெள்ளைக் கட்டு.”

“விழுந்துச்சா? சாமி வந்து சொல்லுச்சா?”

“சீட்டு எடுத்தது மாமாதானே.”

ரூபினி எங்க தேயிலை எஸ்டேட் லயத்து வீட்டுல பிறந்து வளர்ந்தவ. கோலாலம்பூர்ல படிச்சு, புண்ணுக்குப் போடப் புதுசா ஒரு கட்டு செய்யறவங்ககிட்ட வேலைக்குச் சேர்ந்தா. இறால் ஓட்டுல இருந்து எடுத்த பசையில, கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பொடியான வெள்ளியைக் கலந்து செய்வாங்களாம். சாம்பல் கலர்ல, மெல்லிசா இருக்கும். கிருமியை அண்ட விடாதாம்.

உடம்புல சர்க்கரை ஏறி இனிப்பு நீர் வந்து, கால்ல புண்ணு ஆறாம கிடந்த பத்துப் பேரை இங்க ஆராய்ச்சிக்கு எடுத்தாங்க. அஞ்சு பேருக்குப் புதுசு. அஞ்சு பேருக்கு எப்பவும் போடற வெள்ளைக் கட்டு. பத்துச் சீட்டை மைலோ டின்னுல போட்டு, எல்லார் முன்னாலயும் டாக்டர் குலுக்கினார். ரஞ்சிதம் அக்கா வீட்டுக்காரர் நாகப்பன் அண்ணனுக்கு வெள்ளை வந்துச்சு.

புதுசு கிடைச்ச சாமிநாதன் அண்ணன் மூணே வாரத்துல புண்ணு காஞ்சு, பூட்ஸ் மாட்டிக்கிட்டு கொழுந்து வெட்டற மெஷின் தூக்கப் போயிட்டார். நாகப்பன் அண்ணன் புண்ணு இன்னும் ஈரம். இப்படியே போனா கட்டை விரலை எடுக்க வேண்டி வரும்னு டாக்டர் சொல்லிட்டார்.

“விரல் போனா அவர் மலையில எப்படி நிப்பார், நீயே சொல்லு. மெஷினை ரெண்டு பேர் பிடிக்கணும். இவர் சறுக்கினா அந்தப் பக்கம் பிடிக்கிறவனும் சேர்ந்து போயிடுவான் லா. கங்காணி இவரை வேலைக்கு எடுப்பாரா? வேலை போனா வீடும் போச்சு. தெரியாதவளா நீ?”

ரூபினி பேனாவைக் கீழ வச்சா.

“அத்தை, இது நிஜமாவே நல்லதான்னு எங்களுக்கே இன்னும் முழுசாத் தெரியாது. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தாதான் தெரியும். கேக்கறவங்களுக்கெல்லாம் மாத்திக் கொடுத்தா ஆராய்ச்சியே கெட்டுடும். அப்புறம் எந்த ஆஸ்பத்திரியும் இதை நம்பி வாங்காது.”

“சாமிநாதன் காலைப் பாத்தா தெரியலையா?”

“ஒரு கால் போதாது அத்தை.”

“எனக்கு என் வீட்டுக்காரர் கால்தாம்மா ஆராய்ச்சி.”

ரூபினி பேனாவை எடுத்தா. மறுபடி எழுத ஆரம்பிச்சா.

வீட்டுக்கு ஏறி வர்ற வழியெல்லாம் அக்கா ஓயல.

“இறால் ஓட்டை நாம குப்பையில வீசறோம். இது பெரிய படிப்பு படிச்சுட்டு வந்து, அதைப் பெட்டியில பூட்டிக் காவல் காக்குது.”

நான் சிரிச்சுட்டேன். அக்கா சிரிக்கல.

“அவ அப்பன் செல்லையாவும் அந்தப் பத்துல ஒருத்தர்தானே. நடக்க முடியாதவருக்கு யாரு சீட்டு எடுத்தா?”

“ரூபினிதான்க்கா.”

“பிரிச்சு யாருக்காவது காட்டினாளா?”

இல்ல. அன்னைக்கு நானும் அங்க இருந்தேன். சீட்டை அவ மட்டும் பிரிச்சுப் பாத்துட்டு, மடிச்சு டாக்டர் கையில கொடுத்துட்டு, வெளிய போயிட்டா.

“சீட்டு பிடிக்கிறவ முதல் சீட்டை அடுத்தவளுக்கு விட்டு எங்கயாவது பாத்திருக்கியா நீ? மாசா மாசம் நாம சீட்டுப் பணம் கட்டறோமே, முதல் மாசம் யாருக்குப் போகுது? நடத்தறவளுக்குத்தான். கேட்டா அதான் வழக்கம்னு சொல்லுவா. இவளும் அதைத்தான் செஞ்சிருக்கா.”

எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு. தலையாட்டினேன்.

அக்கா அவங்க வீட்டுக்குத் திரும்பல. நேரா செல்லையா அண்ணன் வீட்டுப் பக்கம் நடந்தாங்க.

“நீயும் வா. நாளைக்கு நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. சாட்சிக்கு ஒரு ஆள் வேணும்.”

வேணாம்க்கான்னு சொல்ல வாய் வரல. பிள்ளையை இடுப்புல இடுக்கிக்கிட்டுப் பின்னால போனேன்.

ரூபினியோட அம்மா உமாதேவி அக்காதான் கதவைத் திறந்தாங்க.

“அண்ணன் காலைப் பாக்கணும் உமா,” ரஞ்சிதம் அக்கா குரல்லயே சண்டை இருந்துச்சு.

உமா அக்கா ஏன்னு கேக்கல. வழியை விட்டாங்க.

செல்லையா அண்ணன் கட்டில்ல சுவரைப் பாத்துப் படுத்திருந்தார். எங்களைத் திரும்பிப் பாக்கல. உமா அக்கா கால் பக்கம் போர்வையை விலக்கினாங்க.

வெள்ளைக் கட்டு.

நாகப்பன் அண்ணன் கால்ல இருக்கற அதே வெள்ளை. கட்டுக்கு வெளிய தெரிஞ்ச விரல் நாலும் கறுத்துப் போயிருந்துச்சு.

ரஞ்சிதம் அக்கா கட்டில் சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டாங்க.

“நாளைக்குக் காலையில ஈப்போ பெரியாஸ்பத்திரிக்குப் போறோம்,” உமா அக்கா சொன்னாங்க. “முட்டிக்குக் கீழ எடுக்கணுமாம்.”

“உமா... உன் பொண்ணுகிட்ட நீ கேக்கலையா?”

உமா அக்கா போர்வையை மறுபடி இழுத்து மூடினாங்க.

“கேக்காம இருப்பேனா? பெத்த அப்பன்டி, யாருக்கும் தெரியாம ஒண்ணே ஒண்ணு மாத்திப் போடுடின்னு அவ கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். ‘அப்பாவுக்குப் போட்டுட்டு, ரஞ்சிதம் அத்தை வந்து கேட்டா எந்த மூஞ்சியோடம்மா முடியாதுன்னு சொல்லுவேன்’னு கேட்டுட்டா.”