பங்காளியின் ட்ரோன்

வேலம்பாளையத்தில் நானும் என் பங்காளி பூபதியும் அடுத்தடுத்த காம்பவுண்டில் பனியன் கம்பெனி நடத்தினோம். திடீரென்று அவன் தையல் மிஷின்களை விற்றுவிட்டு ராணுவத்துக்கு ட்ரோன் செய்ய ஆரம்பித்தான். பேப்பரில் அவன் படம் வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

சோதனைக்குப் பறக்கவிட்டால் ட்ரோன் கிளம்பிய இடத்துக்கே திரும்ப வேண்டும். அவனுடையவை எல்லாம் என் மொட்டைமாடியில் வந்து இறங்கின.

"ஏனுங்ணா, உங்க ஊட்டையே தேடி வருதுங்களே!" என்று சிரித்தபடி எடுத்துப் போவான். எனக்கு வயிறு எரியும்.

போன வாரம் முகம் வாடி வந்தான். "பார்டர்ல பனிமலை மேல ஒண்ணு விழுந்து நொறுங்கிப்போச்சுங்ணா. ஆர்டரே போயிருமாட்ட இருக்குதுங்க."

"அடடா" என்றேன். அன்றைக்கு மறுசோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

இன்று காலை துணி காயப்போட மாடிக்கு ஏறினேன். கொடிக்கு அடியில் ஒரு ட்ரோன் இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. அதன் மேல் படிந்திருந்த பனி சித்திரை வெயிலில் உருகாமல் இருந்தது.

"அண்ணா, மேலயா இருக்கீங்க?" என்றபடி பூபதி படியேறினான்.

ட்ரோன் மெல்ல நகர்ந்து என் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.