பன்னிரண்டு வருஷக் கோளாறு

“ரிப்பேர் பண்ணிட்டு வித்தா நல்ல விலை போகும்பா,” என்றாள் மகள்.

“பன்னண்டு வருஷமா ஷெட்ல தூங்குற மோட்டார் சைக்கிளுக்கு இப்ப எதுக்கு வைத்தியம்? அப்படியே தள்ளிவிட்டுடலாம்,” என்றார் அப்பா.

“ஆமா, அதைக் கிளறவே வேண்டாம்,” என்று அம்மாவும் அவசரமாக ஒத்து ஊதினாள்.

இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதே அதிசயம்தான். ஆனாலும் மகள் விடவில்லை. மறுநாள் காலையிலேயே மெக்கானிக்கைக் கூட்டி வந்துவிட்டாள்.

அவர் சீட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “இன்ஜின்ல ஒண்ணுமே இல்ல சார். உள்ளே ஒரு வயரை யாரோ வேணும்னே கத்தரிச்சிருக்காங்க.”

அம்மாவின் முகம் வெளுத்தது.

“நான்தாங்க. கீழே விழுந்து கையை உடைச்சுக்கிட்டு வந்தீங்களே, கட்டுப் பிரிச்சதும் மறுபடியும் ஓட்டிடுவீங்களோன்னு பயந்துட்டேன். நீங்க தினமும் பஸ்ல இடிபட்டுப் போறப்பல்லாம் எனக்கு மனசு அடிச்சுக்கும். மன்னிச்சிடுங்க.”

அப்பா அவளை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்: “வயர் அறுந்திருந்தது எனக்கு அப்பவே தெரியும். ஒட்டினா திரும்ப ஓட்டணுமேன்னு நடுங்கிப்போய், இன்ஜின் போச்சுன்னு நான்தான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.”